தண்ணியைக் குறை, தம்பி

உ
சிவமயம்

கானாடுகாத்தான்
கார்த்திகை

தம்பிக்கு ஆத்தா எழுதுவது. இங்கே நானும் அப்பச்சியும் சுகம். சிங்கப்பூரில் உங்கள் ரெண்டு பேர் சுகத்துக்கும் எழுது.

நீ அனுப்பிய செடிப் படத்தை அப்பச்சி போனில் பெரிதாக்கிக் காட்டினார்கள். பத்தாவது மாடியில் எலுமிச்சை வைக்க உனக்குத் தோன்றியதே எனக்குப் பெருமைதான். ஆனால் இலையெல்லாம் மஞ்சள். தண்ணியை ஊற்றிக்கொண்டே இருக்கிறாய். எலுமிச்சைக்கு வேரில் தண்ணி நிற்கக் கூடாது. விரலை 2 கணு மண்ணுக்குள் விட்டுப் பார், காய்ந்திருந்தால் மட்டும் ஊற்று. அடித்தட்டில் வடிவதை அன்றன்றைக்கே கொட்டிவிடு. கொசுப்புழு இருந்தால் உங்கள் ஊரில் வீட்டுக்கே வந்து அபராதம் போடுவார்களாம்.

அடியிலை மஞ்சளானால் ஈரம் அதிகம், இல்லாவிட்டால் உரம் போதவில்லை. கொழுந்து வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது வேறு, இரும்புச்சத்துக் குறை. படத்தில் எது என்று சரியாகத் தெரியவில்லை. பின்னால் வாசலில் கிடந்த செருப்புத்தான் தெரிந்தது. ஒரு ஜோடி.

17 நாளாகப் போன் இல்லை. வேலை இருக்கும்.

கொழுந்தில் காக்கா எச்சம் மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் எச்சம் என்று விட்டுவிடாதே. வண்ணத்துப்பூச்சிப் புழு அது. வளர்ந்தால் பச்சையாகிவிடும், தொட்டால் தலையிலிருந்து சிவப்பாக ரெண்டு கொம்பை நீட்டி நாறும். 6 வயசில் நீ அதைத் தொட்டுவிட்டு அலறிக்கொண்டு வளவைச் சுற்றி ஓடினதை ஆச்சி இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள். கையாலேயே எடுத்துப் போடு. உன் மாடிக்கு ஏறி வருமோ என்னவோ. ஒட்டுக்கன்று என்றால் ஒட்டுக்குக் கீழே கிளம்பும் போத்தை ஒடித்துவிடு. 6 மணி நேரமாவது வெயில் படட்டும். தண்ணியைக் குறை.

போன வாரம் கோயிலிலிருந்து, புருஷன் பெண்டாட்டி சேர்ந்து ஒரு புள்ளி என்று, புள்ளிக் கணக்கு எழுத வந்தார்கள். உன் பேரைச் சொன்னேன். அவர்கள் ஒரு புள்ளியும் அப்படியே இருக்கட்டும், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். சொல்லிவிட்டேன். எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

பிள்ளையார் நோன்புக்கு இழை மாவு கொடுத்துவிடுகிறேன், ரெண்டு பேருக்கும் சேர்த்து. உன் ஒருவனுக்கு மட்டும் பிரித்துக் கட்ட எனக்குக் கை வரவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். உமையாள் கிணற்றடியில் நட்டாளே, அந்த எலுமிச்சை. நீங்கள் பங்குனியில் புறப்பட்டுப் போனீர்கள். செம்மண்ணில் தரிக்கவில்லை, சித்திரை வெயிலில் பட்டுப்போச்சு என்று போனில் சொன்னேன். தானாகப் படவில்லை தம்பி. நான் தண்ணி விடவில்லை. கறிவேப்பிலைக்கு ஊற்றினேன், மல்லிக்கு ஊற்றினேன், அதைத் தாண்டித்தான் போனேன். என்னைக் கேட்காமல் என் கிணற்றடியில் நட்டுவிட்டாளே என்று ஒரு வீம்பு. கிணறு 4 எட்டில். இலை சுருண்டதைப் பார்த்தேன், உதிர்ந்ததையும் பார்த்தேன். கடைசியில் ஒரு நாள் 2 குடம் ஊற்றினேன், குச்சிக்கு. போனில் பட்டுப்போச்சு என்றதும் ‘சரி அயித்தை’ என்று மட்டும் சொன்னாள் உமையாள். அதற்கப்புறம் அவளாக எனக்குப் பேசவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும். அப்பச்சிக்குக்கூடத் தெரியாது இது.

அவளிடம் நீ இதைச் சொல். எப்போது பார்த்தாலும் சொல்.

அந்தக் குழி மூடாமல் அப்படியே கிடக்கிறது. தை பிறந்ததும் ஒரு கன்று வாங்கி வைப்போம் என்கிறார்கள் அப்பச்சி. வேண்டாம் என்றுவிட்டேன். நட்ட கை வந்து நடட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு. இருமல் இருந்ததே, போய்விட்டதா? அடுத்த படம் எடுக்கும்போது வாசலும் தெரிகிற மாதிரி எடு.

ஆத்தா