‘ஆ மா’ அம்மா அல்ல: தமிழ் பேசும் பாலர் பள்ளி ஆசிரியைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சக ஆசிரியைகளுக்கு,

வணக்கம். சிங்கப்பூர்ப் பாலர் பள்ளி வகுப்பில் பெரும்பாலும் இரண்டு பேர் இருப்போம். சீனத்துக்கு, அதாவது மாண்டரினுக்கு, ஒரு லாவ்ஷி (சீன ஆசிரியை), ஆங்கிலத்துக்கு நம்மில் ஒருவர். எதிரே இருக்கும் சிறுமிகளில் பலர் ஆங்கிலமும் மாண்டரினும் கலந்து புழங்கும் வீட்டுப் பிள்ளைகள். பெற்றோர் சந்திப்பில் அவர்களைப் பற்றி நம் வாயில் சட்டென்று வந்துவிடும் பேச்சு ஒன்று உண்டு: “பேச்சு கொஞ்சம் தாமதமா இருக்கு, வீட்ல இங்கிலிஷ் மட்டும் பேசிப் பாருங்க.” தயவுசெய்து இதை இனிமேல் சொல்லாதீர்கள்.

டீச்சர் சொல்லிவிட்டால் பெற்றோர் அன்றைக்கே மாற்றிவிடுவார்கள். மாண்டரினில் கதை சொல்லிக்கொண்டிருந்த அம்மா, தனக்குச் சரளமில்லாத ஆங்கிலத்தில் ‘கம், ஈட், ஸ்லீப்’ என்று மூன்று சொல்லோடு நிறுத்திக்கொள்வார். பிள்ளைக்குக் கிடைக்கும் பேச்சு பெருகாது, சுருங்கிப்போகும். பாட்டி பேச்சிலிருந்தே ஒதுங்கிவிடுவார். ஆங்கிலத்துக்கு நம் பரிந்துரை தேவையும் இல்லை. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம் என்றவர்கள் 32.3 விழுக்காடு, 2020இல் 48.3. அதே பத்தாண்டில் மாண்டரின் 35.6இலிருந்து 29.9ஆக இறங்கியது. தேய்ந்துவருவது எது என்று இதிலேயே தெரிகிறது.

தாமதமா இல்லையா என்று பார்ப்பதற்கு முன் சொற்களை எண்ணும் முறையைச் சரிசெய்ய வேண்டும். இரண்டு வயதில் சுமார் 50 சொல், இரண்டிரண்டு சொல்லாகச் சேர்த்துப் பேசுவது என்ற அளவு இரு மொழிக்கும் சேர்த்துத்தான். ஆங்கிலத்தில் 20, மாண்டரினில் 35 சொல் வைத்திருக்கும் பிள்ளையிடம் 55 இருக்கிறது. நம் காதில் விழுவது 20 மட்டும். ‘வோ யாவ் ஆப்பிள்’ (எனக்கு ஆப்பிள் வேணும்) என்று கலந்து கேட்டால் அது குழப்பமும் அல்ல. ‘பஸ்ஸை மிஸ் பண்ணிட்டேன்’ என்கிற நாம் இதைக் குறையாகச் சொல்வது வேடிக்கை.

பிழை என்று நாம் குறித்துவைப்பதில் பாதி மாண்டரின் இலக்கணத்திலிருந்து வருகிறது. அவன், அவள், அது மூன்றையும் எழுதுவது வேறுவேறு, உச்சரிப்பு ஒன்றே: ‘தா’. ஐந்து வயதுச் சிறுமி தன் அம்மாவை ‘ஹீ’ என்றால் காரணம் அதுதான். வினைச்சொல் காலத்துக்கு உருமாறாது. ‘நேற்று’ என்று முன்னால் சொன்னாலே போதும். அதனால் ‘யெஸ்டர்டே ஐ கோ’. பெயர்ச்சொல்லுக்குப் பன்மை விகுதி போட வேண்டியதில்லை என்பதால் ‘டூ கேட்’. சொல்லின் முடிவில் ன், ங் போன்ற ஓரிரு ஒலிகளைத் தவிர மெய்யெழுத்து வராததால் ‘பேக்’ என்பது ‘பே’ ஆகிறது. நாம் விளக்கைப் ‘போடுகிறோம்’, சீனத்தில் அதைத் ‘திறப்பார்கள்’. ‘ஓப்பன் த லைட்’ பிறப்பது அங்கேதான். இதற்கெல்லாம் ‘தப்பு’ என்று நிறுத்த வேண்டாம். ‘யெஸ், யூ வென்ட் யெஸ்டர்டே’ என்று சரியான வடிவத்தைத் திருப்பிச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தால் போதும்.

எண்களில் நமக்கே புரியும் ஒரு விஷயம் இருக்கிறது. மாண்டரினில் பதினொன்று ‘பத்து-ஒன்று’, இருபது ‘இரண்டு-பத்து’. தமிழின் கட்டுமானமும் கிட்டத்தட்ட அதுவே. ஆங்கிலத்தில் ‘இலெவன், ட்வெல்வ்’ இரண்டையும் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டும். பத்தோடு நின்றுவிடும் பிள்ளையை லாவ்ஷியிடம் எண்ணச் சொல்லிப் பாருங்கள். அங்கே 20 வரை போனால் அவளுக்கு எண்ணத் தெரியும் என்றே பதிவு செய்யுங்கள்.

உண்மையான பேச்சுக் குறைபாடு இரண்டு மொழியிலும் தெரியும். ஆங்கிலத்தில் மட்டும் தடுமாறினால் அவள் கற்றுக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான். ஒன்றரை வயது தாண்டியும் எந்த மொழியிலும் ஒரு சொல் இல்லை, இரண்டு வயதில் இரண்டு சொல் சேரவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, வந்த சொற்கள் மறைகின்றன என்றால் காத்திருக்க வேண்டாம். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) காட்டச் சொல்லுங்கள். செவிப்புலனையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

பெண்பிள்ளைகளிடம் இதை நழுவவிடுவது எளிது. சீனத்தில் ‘குவாய்’ என்று ஒரு சொல். சமர்த்து, சொன்னபடி கேட்பவள். வாய் திறக்காமல் ஓரத்தில் உட்காரும் சிறுமியை வீட்டிலும் ‘குவாய்’ என்பார்கள், நாமும் ‘நல்ல பிள்ளை’ என்று எழுதிவிடுவோம். புது மொழிக்குள் வந்தவள் சில மாதம் மௌனமாக இருப்பது இயல்புதான். ஆனால் அந்த மௌனத்தில் புரிதல் இருக்கிறதா? ‘பையை எடு, அலமாரியில் வை’ என்று கைச்சாடை இல்லாமல் இரண்டு செயலைச் சேர்த்துச் சொல்லுங்கள். பிறகு லாவ்ஷி அதையே மாண்டரினில் சொல்லட்டும். மூன்று, நான்கு வயதில் இரண்டுக்கும் அசையவில்லை என்றால் ‘குவாய்’ என்று விட்டுவிடக் கூடாது.

இனி வாசலில் நடப்பது. ஹொக்கியன், தியோச்சூ என்ற சீன வட்டார மொழிகள் பேசும் வீடுகளில் ‘ஆ மா’ என்றால் பாட்டி. ‘டுடே ஆ மா ஃபெட்ச் மீ’ என்பது தமிழ்க் காதுக்கு அம்மா வருகிறார் என்றே கேட்கும். மாண்டரினில் அப்பாவின் அம்மா ‘நைநை’. அம்மாவின் அம்மா ‘வைபோ’, சில வீடுகளில் ‘போபோ’. ‘ஜியெஜியெ’ அக்காவாக இருக்கலாம், பெரியப்பா மகளாக இருக்கலாம், சில வீடுகளில் பணிப்பெண்ணாகவும் இருக்கலாம். அழைத்துச் செல்பவர் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் ‘பிள்ளை இவரை எப்படிக் கூப்பிடுவாள்’ என்று ஒரு கட்டம் சேருங்கள். குடும்ப மரம் வரையும்போதும் ‘ஆன்ட்டி’ என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாரையும் அடைக்க வேண்டாம். அத்தை ‘கூகூ’, தாய்மாமன் ‘ஜியூஜியூ’ என்று அவர்கள் பிரிக்கும் பிரிவு நமக்குப் பழகியதுதான்.

பெயரிலும் கவனம் வேண்டும். முதலில் வருவது குடும்பப் பெயர். பின்னால் வரும் இரண்டு அசையும் சேர்ந்ததே பிள்ளையின் பெயர். ‘ஷின் யீ’யை ‘ஷின்’ என்று வெட்டினால் பாதிப் பெயர்தான் மிஞ்சும். ‘ங்’ என்ற குடும்பப் பெயரைக் கண்டு திணற வேண்டியதில்லை, அதற்கு நம்மிடம் எழுத்தே இருக்கிறது.

அக்கா, தங்கை இருவரும் நம்மிடம் வந்தால் ஒப்பிடாதீர்கள். மூத்தவள் பாட்டியிடம் மாண்டரினோ ஹொக்கியனோ கேட்டு வளர்ந்திருப்பாள். பள்ளிக்குப் போனதும் ஆங்கிலத்தை வீட்டுக்குக் கொண்டுவருவாள். விளையாட்டு, சண்டை, ரகசியம் எல்லாம் அதில்தான். இளையவளுக்குப் பிறந்ததிலிருந்து ஆங்கிலம் மிகுதி, சீனம் குறைவு. ஒரே வீடானாலும் கேட்டு வளரும் பேச்சு வேறு. இளையவளின் சீனத்தைப் பற்றி லாவ்ஷி வருந்தினால் சோம்பல் என்று முடிவுகட்டாமல் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

பெற்றோர் யோசனை கேட்டால், மொழியை நேரத்தோடு கட்டச் சொல்லுங்கள்: குளியல் மாண்டரினில், இரவுச் சாப்பாடு பாட்டியின் மொழியில், படுக்கும்முன் ஒரு புத்தகம். சீன எழுத்து மறந்துபோன அப்பா, எழுத்தில்லாத படப் புத்தகத்தை வைத்து வாய்க்கு வந்த கதையைச் சொல்லலாம். திரையில் ஓடும் சீனப் பாட்டு பதில் பேசாது, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பாட்டியின் ஹொக்கியனுக்கும் தடை போடாதீர்கள். வட்டார மொழிகளை விட்டு மாண்டரின் பேசச் சொல்லி 1979இல் தொடங்கிய மாண்டரின் பேசும் இயக்கத்துக்குப் பிறகு வளர்ந்த பெற்றோர் பலருக்கு அது ஏற்கெனவே கூச்சமாகிவிட்டது.

அடுத்த பெற்றோர் சந்திப்புக்கு முன் லாவ்ஷியோடு ஐந்து நிமிடம் உட்காருங்கள். சீன வகுப்பில் இவள் தானாகப் பேச்சைத் தொடங்குகிறாளா, எத்தனை சொல் சேர்த்துப் பேசுகிறாள், சொன்னது புரிகிறதா என்று மூன்றே கேள்வி. பதில் வந்த பிறகு பிள்ளையின் அறிக்கையை எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்களைப் போலவே ஆங்கில வகுப்பில் நிற்கும் சிலர்