மகளுக்கு, உன் மகனைப் பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

"நான் வளர்த்த விதத்தில்தான் குழந்தைக்கு ஆட்டிசம் வந்ததா அம்மா?" என்று நேற்று போனில் கேட்டாய். இரவு முழுக்க எனக்குத் தூக்கமே இல்லை. போன வருடம் அவனுக்குப் பேச்சு வரவில்லை என்றபோது, "வேலை வேலை என்று ஓடாமல் அவனிடம் உட்கார்ந்து பேசினால்தானே" என்று சொன்னவள் நான்தான். தப்பு, பாப்பா. என்னை மன்னித்துவிடு.

1943இல் லியோ கானர் என்ற மனநல மருத்துவர் ஆட்டிசத்தை விவரித்து எழுதினார். அதற்குப் பிறகு பல வருடங்கள், பாசம் காட்டாத தாயால் வருவது இது என்று டாக்டர்களே நம்பினார்கள். எத்தனை அம்மாக்கள் அந்தப் பழியோடு வாழ்ந்தார்களோ! 1964இல் அதை மறுத்து எழுதிய பெர்னார்ட் ரிம்லாண்ட் ஓர் உளவியலாளர், ஆட்டிசம் உள்ள பையனுக்கு அப்பாவும்கூட. 1977இல் இரட்டைக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு, மரபணுவுக்கு இதில் பங்கு உண்டு என்று காட்டியது.

நான் அங்கே இருந்த பத்து நாளில் பார்த்ததைச் சொல்கிறேன். மிக்சி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். இரவில் மூன்று முறை எழுகிறான். நீ அவனிடம் எரிந்து விழுந்ததெல்லாம் தூங்காத இரவுக்கு மறுநாள்தான். அதை மட்டும் பார்ப்பவர்கள் உன் கோபத்தால் அவன் இப்படி ஆனான் என்பார்கள். முன்னது எது, பின்னது எது என்று அவர்களுக்குத் தெரியாது.

"தண்ணி வேணுமா?" என்று அவன் வந்து நின்றால் அவனுக்குத்தான் தாகம் என்று உனக்குப் புரிகிறது. "தண்ணி வேணும்" என்று மெதுவாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு டம்ளரை நீட்டுகிறாய். அவன் கார்களை வரிசையாக அடுக்கும்போது நீயும் பக்கத்தில் உட்கார்ந்து, "சிவப்புக் கார்" என்று அடுத்ததை வைத்தாய். ஒரு நொடி உன்னை நிமிர்ந்து பார்த்தானே! குழந்தையின் கவனம் எங்கே இருக்கிறதோ அங்கே போய்ப் பேசுவது பேச்சு வளர உதவும் என்கிறார்கள். யாரும் சொல்லித் தராமலே நீ அதைச் செய்துகொண்டிருந்தாய்.

பெரியவளை நினைத்தால்தான் எனக்குக் கவலை. எதையும் வாய்விட்டுக் கேட்பதில்லை, தம்பி தூங்கட்டும் என்று காத்திருக்கிறாள். அடுத்த மாதம் வருகிறேன். தினமும் சாயங்காலம் இரண்டு மணி நேரம் அவனை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ அவளோடு இரு, இல்லையென்றால் தூங்கு.

அப்புறம், அவனுக்கு எந்தச் சத்தம் ஆகாது, எந்தத் துணி உறுத்தும் என்று எழுதி அனுப்பு. வந்ததும் அவனைக் கட்டிப்பிடிக்கலாமா, அவனாக வரும்வரை காத்திருக்க வேண்டுமா என்பதையும் எழுது.

அன்புடன்,
அம்மா