நிலை 7 என்றால் என்னடா?

ஹட்டன்
ஞாயிறு இரவு

மச்சான்,

நலம், நலமறிய ஆவல். பொங்கலுக்கு வராத கோபம் இருக்கிறது, அதை நேரில் தீர்த்துக்கொள்கிறேன். இங்கே விடாத மழை. அம்மாவுக்கு முழங்கால் வலி. கணக்குப் படிப்பித்த சேர் இன்னும் அதே குடையோடுதான் டவுனுக்கு வருகிறார்.

2009இல் நீயும் நானும் அந்தச் சிக்கனக் கடன் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்த மென்பொருளைப் போன திங்கள் நிறுத்திவிட்டேன். புதிய பதிப்பு இணையத்தில் ஓடுகிறது. 4,812 பேருடைய தரவை இடம் மாற்றிய படை: நான், கெம்பஸ் முடித்த ஒரு தம்பி, போன் எடுக்கிற அக்கா.

பயந்ததெல்லாம் பாமினிக்குத்தான், அந்தப் பழைய தமிழ் எழுத்துருவுக்கு. அதில் கொம்பு முன்னால், எழுத்து பின்னால், யூனிகோடில் தலைகீழ். முதல் ஓட்டத்தில் ஊரிலுள்ள லெட்சுமிகள் எல்லாருக்கும் கொம்பு தனியாகப் புள்ளி வட்டத்தில் தொங்கியது. தம்பி இரண்டு நாளில் சரிக்கட்டினான்.

அடி வேறிடத்தில் விழுந்தது. புதியதில் அடையாள அட்டை எண்தான் ஆளைக் காட்டுவது. 2016 முதல் அட்டை எடுத்தவர்களுக்கு 12 இலக்கம், பழைய அட்டைக்கு 9 இலக்கமும் வீ (V) எழுத்தும். பழையதற்கு முன்னால் 19, நடுவில் ஒரு பூச்சியம் போட்டு வீயை எடுத்தால் சரியாக வந்துவிடும். அதற்குப் பிறகும் ஒரே எண் இரண்டு தரம் வந்தால் ஒரே ஆள், கணக்கைச் சேர் என்று நானே எழுதினேன். அட்டையே இல்லாதவர்கள்? நம் படிவம் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடாது (நீதான் கட்டாயமாக்கினாய், மறுக்காதே). சங்கத்துக் கிளார்க் ஒன்பது பூச்சியம் அடித்துத் தாண்டியிருக்கிறார். அப்படி 23 பேர். 23 பேரும் ஒரே ஆளாகிவிட்டார்கள்! மொத்தச் சேமிப்பைக் கூட்டிப் பார்த்தோம், சதம் பிசகவில்லை. நிம்மதியாகத் தூங்கினேன்.

வியாழக்கிழமை தோட்டத்து மேல் டிவிஷனிலிருந்து ஒரு பாட்டி வந்தார். சொப்பிங் பேக்குக்குள் இன்னொரு சொப்பிங் பேக், அதற்குள் பாஸ்புத்தகம். அதில் 38,450 ரூபா. திரையில் பெயரே இல்லை. "நான் செத்துட்டேனா தம்பி?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, மச்சான். 1948இல் பிரஜாவுரிமை பறிபோய், சிலர் 2003 சட்டம் வரைக்கும் நாடற்றுக் கிடந்த மலையகச் சனம். மறுபடி பட்டியலிலிருந்து தூக்க எனக்கு ஆறு வரி போதுமாயிருந்தது.

பழைய பிரதியைத் திருப்பிப் போடு என்பாய். போட்டால் நாலு நாள் வைப்பும் போய்விடும். பழைய அங்கத்தவர் எண்ணையும் 'இனி எதுக்கு' என்று தூக்கியிருந்தேன். ஆகவே பிரதியை வேறு மெஷினில் ஏற்றி, தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாகப் போய் பாஸ்புத்தகங்களைப் பார்த்துக் கையால் பிரித்தோம். 21 முடிந்தது. மற்ற இருவரும் பதுளையில் மகள் வீடுகளில்.

இப்போது உன் பாவம். 'நிலை' என்ற கட்டத்தில் 1 நடப்பு, 2 விலகியவர், 3 இறந்தவர். 11 பேருக்கு 7 என்று கிடக்கிறது. என்னடா அது? நீ எழுதின கோடில் (code) ஒரு குறிப்பில்லை. 'கொழும்புக்குப் போய் ஊரை மறந்தவங்களா இருக்கும்' என்கிறான் தம்பி. உன்னைப் பற்றி நான்தான் அவனிடம் சொல்லி வைத்தேன்.

போன் எடுக்காவிட்டாலும் இதற்கு மட்டும் பதில் போடு. செவ்வாய் வட்டி போட வேண்டும்.