பாம்பனில் பஸ் ஏறிப் போன அண்ணனுக்கு

ஆதார் நகலெடுக்க எங்கள் ஜெராக்ஸ் கடைக்கு வந்த அண்ணே, உங்களுக்குத்தான் இது.

மூணு நாளாக நெட் வராத பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டர். ஐபி, அதாவது நெட்வொர்க்கில் கம்ப்யூட்டருக்குள்ள முகவரி எண், 169.254 என்று தொடங்குவதைக் காட்டி, "ரூட்டர்கிட்டயிருந்து அட்ரஸ் கிடைக்கலைம்மா, சிஸ்டம் தானாவே ஒண்ணு போட்டுக்கிச்சு. முதல்ல வயரைப் பார்ப்போம்" என்றீர்கள். ஜாக்கைக் கழற்றினால் பின்களில் பச்சைக் களிம்பு. உப்புக்காற்று வேலை! அதை வெட்டிவிட்டு, உங்கள் பையிலிருந்த புது ஜாக்கை வயரில் வைத்து அழுத்தி கிரிம்ப் செய்தீர்கள். ரூட்டர்கிட்டயிருந்து அட்ரஸ் கிடைத்து, ஐபி 192.168 என்று மாறியது.

அப்புறமும் பக்கங்கள் திறக்கவில்லை. தேதி 2009 காட்டியது. மதர்போர்டு பேட்டரி தீர்ந்து தேதி பின்னால் போனால் பிரவுசர் வெப்சைட்டின் பாதுகாப்புச் சான்றிதழை ஏற்காது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். சிஆர்2032 பேட்டரி போட்டு, தேதியைத் திருத்தியதும் எல்லாம் வந்தது. இரண்டு பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பம் கடைசி நாளில் போய்ச் சேர்ந்தது.

டீகூடக் குடிக்காமல் பஸ் ஏறிட்டீங்க. பேர் கேட்காமல் விட்டுட்டேன், மன்னிச்சிருங்கண்ணே. ரொம்ப நன்றி.