நீட் பயிற்சி வகுப்பில் இரண்டாம் முறை எழுதும் பிள்ளைகளுக்கும் இடம் கேட்டு மூன்றாவது கோரிக்கை மனு

அனுப்புநர்
அரசு மேல்நிலைப் பள்ளியில் படித்து முடித்த மாணவியின் தாய், மற்றும் அதே ஊர்ப் பெற்றோர் நான்கு பேர்

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்

பொருள்: ஒன்றிய அளவிலான இலவச நீட் பயிற்சியில் சென்ற ஆண்டு பள்ளி முடித்தவர்களையும் உட்கார அனுமதிக்க வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமையும் அக்டோபரில் ஒரு திங்கட்கிழமையும் குறைதீர் நாளில் வரிசையில் நின்று இதே கோரிக்கையை மனுவாகக் கொடுத்தேன். இரண்டு முறையும் ரசீது கொடுத்தார்கள். மனு உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று செல்போனுக்குத் தகவலும் வந்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை. தங்களுக்கு இருக்கும் வேலைகளுக்கு நடுவே மூன்றாவது தடவையாகத் தொந்தரவு செய்வதைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். மே மாதத் தேர்வுக்கு இன்னும் ஐந்து மாதம்தான் இருக்கிறது.

எங்கள் ஊர் தங்களுக்குத் தெரியும். ஏரிக்கரை உடைந்தபோது தாங்களே நேரில் வந்து பார்த்தீர்கள். மெயின் ரோட்டில் இறங்கி ரேஷன் கடையைத் தாண்டி உள்ளே நடக்க வேண்டும், பஸ் ஒரு நாளைக்கு மூன்று நடை. பயிற்சி மையம் எந்தப் பள்ளியில் நடக்கிறது என்பதும் தங்களுக்குத் தெரியும். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

1. என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். பன்னிரண்டாம் வகுப்பில் 600க்கு 548. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்குத் தகுதி உள்ளவள். கடந்த மே மாதம் நீட் எழுதி 720க்கு 287 எடுத்தாள். கலந்தாய்வில் இடம் கிடைக்கவில்லை.

2. மறுபடி எழுதுகிறேன் என்றாள். மையத்தில் போய்க் கேட்டால், இப்போது பிளஸ் டூ படிக்கிறவர்களுக்கு மட்டும்தான், பள்ளியை விட்டுப் போனவர்களைச் சேர்க்க உத்தரவு இல்லை என்கிறார்கள். டவுனில் தனியார் மையத்தில் ஓராண்டுக்கு 1,20,000 ரூபாய் கேட்டார்கள், விடுதிச் செலவு தனி. நான் மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறேன், வீட்டுக்காரர் செங்கல் சூளைக்குப் போகிறார்.

3. முதல் தடவையிலேயே இந்தத் தேர்வில் இடம் பிடிக்கிறவர்கள் குறைவு என்பது அரசுக்குத் தெரியாததா? நீட்டின் பாதிப்பை ஆராய மாநில அரசு அமைத்த நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021ல் கொடுத்த அறிக்கையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில், முந்தைய ஆண்டுகளில் பள்ளி முடித்துவிட்டு மறுபடி முயன்று வந்தவர்கள் 2016-17ல் 12.47 சதவீதம். 2020-21ல் 71.42 சதவீதம். பத்துப் பேரில் ஏழு பேர் கூடுதலாக ஒரு வருடமாவது உட்கார்ந்து படிக்க வசதி உள்ளவர்கள். அந்த ஒரு வருடம்தான் எங்கள் பிள்ளைகளுக்கு இல்லை.

180 நிமிடத்தில் 180 கேள்வி. சரியாகப் போட்டால் நான்கு மதிப்பெண், தவறாகப் போட்டால் ஒரு மதிப்பெண் கழியும். வாராவாரம் மாதிரித் தேர்வு எழுதி, எதைத் தொடாமல் விட வேண்டும் என்று ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுத்தால்தான் அந்தப் பழக்கம் வருகிறது. என் மகள் இயற்பியலில் 45 கேள்விக்கும் விடை போட்டுவிட்டு வந்தாள். 13 சரி, 32 தவறு. மிஞ்சியது 20 மதிப்பெண். தெரியாததை விட்டிருக்கலாமே என்று கேட்டேன். "விட மனசு வரலம்மா" என்றாள். ஒரு கேள்வியைக்கூட விடாமல் எழுது என்றுதானே பன்னிரண்டு வருடம் சொல்லி வளர்த்தோம். இதில் அவள் படிப்பு எங்கே குறைந்தது என்று எனக்குப் புரியவில்லை.

இப்போது அவளிடம் இருப்பது மேல்தெருப் பெண் கொடுத்த பழைய புத்தகம். எல்லா விடையும் பென்சிலில் குறித்திருக்கிறது. ரப்பர் வைத்து அழித்துவிட்டுத் திரும்பப் போடுகிறாள். தாள் நைந்து சில இடத்தில் ஓட்டை விழுந்துவிட்டது. அழித்த பின்னும் பென்சில் தடம் தெரிகிறது. யோசித்துப் போட்டேனா, தடத்தைப் பார்த்துப் போட்டேனா என்று எனக்கே தெரியவில்லை என்கிறாள்.

இரண்டு சனிக்கிழமை அந்த மையத்தின் வராந்தாவில் ஜன்னல் ஓரம் நின்று, போர்டில் எழுதியதைப் பார்த்து எழுதி வந்திருக்கிறாள். எங்களிடம் சொல்லவே இல்லை. மூன்றாவது சனிக்கிழமை இங்கே நிற்கக் கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். அன்று உள்ளே கடைசியில் மூன்று பெஞ்சு காலி.

4. மூன்று பெஞ்சு காலி ஐயா. ஆசிரியர் இருக்கிறார், மின்விசிறி ஓடுகிறது, பாடம் நடக்கிறது. ஒரு பிள்ளை கூடுதலாக உட்கார்ந்தால் அரசுக்கு என்ன செலவு? இதற்கு ஒரு பதில் எழுத நான்கு மாதம் போதாதா?

5. 2007 முதல் 2016 வரை நம் மாநிலத்தில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் மருத்துவ இடம் கொடுத்தார்கள். நம் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா அப்படிச் சேர்ந்தவர்தான். அவரிடம் வைத்தியம் பார்க்க பக்கத்து ஊரிலிருந்தும் வருகிறார்கள். 1200க்கு 1176 எடுத்த அரியலூர் மாவட்டத்து அனிதாவுக்கு நீட்டில் 86தான் வந்தது. அந்தப் பிள்ளையை 2017ல் பறிகொடுத்தோம். அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்கு அடிவயிறு கலங்குகிறது. வீட்டில் விளக்கு எரிகிறதா என்று ராத்திரி இரண்டு தடவை எழுந்து பார்க்கிறேன்.

தேர்வை நிறுத்துவது தங்கள் கையில் இல்லை என்று தெரியும். சட்டமன்றத்தில் மசோதா நிறைவேற்றி, குடியரசுத் தலைவர் வரை போயும் ஒப்புதல் கிடைக்கவில்லை. அதை நான் கேட்கவில்லை. பெஞ்சைக் கேட்கிறேன்.

6. பனியன் கம்பெனி வேன் தினமும் காலை ஆறரைக்கு ரேஷன் கடை முன்னால் வந்து நிற்கிறது. இவளோடு தேர்வு எழுதிய இரண்டு பெண்கள் அதில் ஏறிவிட்டார்கள். இவள் இன்னும் ஏறவில்லை.

ஆகவே, சென்ற ஆண்டு பள்ளி முடித்த எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஐந்து பேரையும் சனிக்கிழமை வகுப்பில் உட்கார வைக்கவும், மாதிரித் தேர்வுத் தாள் கொடுக்கவும் உத்தரவிட வேண்டுகிறேன். கடைசி பெஞ்சு போதும் ஐயா. முடியாது என்றால் அதையாவது எழுத்தில் கொடுங்கள். முடியும் என்றால் வரும் சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள், காலை எட்டு மணி பஸ்ஸில் நானே கூட்டி வந்து விடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மாணவியின் தாய்

இணைப்பு: முந்தைய இரண்டு மனுக்களின் ரசீது நகல்கள்