வட்டமடிக்கும் விமானம்

ஆசிரியருக்கு,

விமானம் இறங்காமல் வட்டமடித்தாலே 'பயணிகள் அவதி' என்று செய்தி வருகிறது. காரணத்தையும் கேட்டு எழுதுங்கள். வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் முதல் வேலை மோதலைத் தவிர்ப்பது. நேரம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

காத்திருக்கும் விமானங்களைக் குறைந்தது 1,000 அடி இடைவெளியில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். கீழே உள்ளது தன் உயரத்தைக் காலி செய்த பிறகே மேலே உள்ளதற்கு அந்த இடம் கிடைக்கும். கட்டுப்பாட்டாளர் சொன்ன உயரத்தை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். ஓர் எண் பிசகினாலும் உடனே திருத்தப்படும்.

திருப்பிச் சொன்னால் மட்டும் போதாது, அந்த உயரத்திலேயே நிற்கவும் வேண்டும். 1996 நவம்பர் 12 அன்று, டெல்லிக்கு மேற்கே சர்க்கி தாத்ரி வானில், ஏறிவந்த சவூதி விமானத்துக்கு 14,000 அடி, இறங்கிவந்த கசகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடி. இரண்டாவது தன் உயரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. இரண்டும் மோதி 349 பேர் மாண்டனர். அன்றைய டெல்லி ரேடாரில் விமானம் புள்ளியாகத் தெரியும். எத்தனை அடியில் பறக்கிறது என்பது தெரியாது. மோதல் எச்சரிக்கைக் கருவி இந்திய வானில் கட்டாயமானது அதன் பிறகுதான்.

ஒரு வாசகர், பல்லாவரம்