ஜாய் ஏன் கிளம்பினாள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ‘ஹலோ, லவ், குட்பை’ என்ற பிலிப்பைன்ஸ் படத்துக்கு வந்திருந்த விமர்சனத்தைப் படித்தேன். 2019-ல் வெளியான படத்தை இத்தனை நாள் கழித்தாவது நம் வாசகர்களுக்கு அறிமுகம் செய்ததற்கு நன்றி. காத்ரின் பெர்னார்டோ, ஆல்டன் ரிச்சர்ட்ஸ் இருவரின் நடிப்பையும் விமர்சகர் மனம் திறந்து பாராட்டியிருக்கிறார். எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் முடிவைப் பற்றி அவர் எழுதியது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஹாங்காங்கில் வீட்டு வேலை பார்க்கும் நாயகி ஜாய் காதலன் ஈத்தனை விட்டுவிட்டுக் கனடாவுக்குக் கிளம்புவதை ‘சுயநலம்’ என்கிறார். ‘கொஞ்சம் பொறுத்திருந்தால் ஹாங்காங்கிலேயே இருவரும் வாழ்ந்திருக்கலாமே’ என்றும் கேட்கிறார்.

கணவரின் வேலை காரணமாக நான் ஹாங்காங்கில் ஆறு வருடம் இருந்தவள். அதில் நான்கு வருடம் எங்கள் வீட்டில் பிலிப்பைன்ஸ் நாட்டுச் சகோதரி ஒருவர் வேலை பார்த்தார். என் மகளை வளர்த்ததில் பாதிப் பங்கு அவருடையது. ‘பொறுத்திருந்தால்’ என்ற சொல் அந்த ஊரில் ஜாய் போன்ற ஒரு பெண்ணுக்கு என்ன பொருள் தரும் என்பதை அவரைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன்.

ஹாங்காங்கில் சட்டப்படி ஏழு வருடம் தொடர்ந்து வாழ்ந்த வெளிநாட்டுக்காரர் நிரந்தரமாகத் தங்கும் உரிமை கேட்கலாம். வங்கியில் வேலை பார்ப்பவர் கேட்கலாம், ஆசிரியர் கேட்கலாம். வீட்டு வேலைக்கு வந்தவரோ கேட்க முடியாது. இருபது வருடம் இருந்தாலும் அது கணக்கில் வராது. 1986 முதல் அங்கே வேலை பார்த்த ஒரு பிலிப்பைன்ஸ் பெண் இதை எதிர்த்து வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்தார். 2013 மார்ச்சில் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதோடு அந்தக் கதவு மூடிக்கொண்டது.

படத்தில் ஈத்தன் மதுக்கூடத்தில் வேலை பார்ப்பவன், நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்காகக் காத்திருப்பவன். அவன் காத்திருப்பதற்கு ஒரு முடிவு உண்டு. ஜாயின் காத்திருப்புக்கு அப்படி ஒரு முடிவே இல்லை. ஒரே ஊரில், ஒரே தெருவில் கைகோத்து நடக்கும் இருவருக்கு நடுவே இந்தக் கோடு ஓடுகிறது. அவனைக் கல்யாணம் செய்துகொண்டு இருந்திருக்கலாமே என்று கேட்கலாம். அவனுக்கே இன்னும் உரிமை கைக்கு வரவில்லை. வந்தாலும் அவள் அங்கே தங்குவது அவனுடைய மனைவி என்ற பெயரில்தான். ஜாய் செவிலியர் படிப்புப் படித்தவள், தன் பெயரில் ஒரு வாழ்க்கை வேண்டும் என்று நினைப்பவள். அதில் எனக்குச் சுயநலம் தெரியவில்லை.

இன்னும் இரண்டு விதிகளைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படத்தின் ஒவ்வொரு காட்சியிலும் அவை மறைந்து நிற்கின்றன. 1987-ல் வந்த விதிப்படி, வீட்டு வேலைக்கு வந்தவர் ஒப்பந்தம் முறிந்தால் 14 நாளில் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். 2003 முதல், வேலை பார்க்கும் வீட்டிலேயேதான் தங்க வேண்டும் என்பதும் கட்டாயம். எங்கள் வீடு நம்ம ஊர்க் கணக்கில் ஒரு பெரிய ஹாலும் சின்ன அறைகளும்தான். சமையலறையை ஒட்டிய ஓர் அறையில் எங்கள் வீட்டுச் சகோதரி படுத்தார். கையை நீட்டினால் இரண்டு சுவரும் தட்டும். தனியே அறை எடுத்துத் தங்கிக்கொள்ளுங்கள் என்று நாங்கள் சொல்ல நினைத்தாலும் சட்டம் இடம் தராது. இரவு பத்து மணிக்கு என் குழந்தை அழுதால் எழுந்து வருபவர் அவர்தான். அவருக்கு வேலை முடிந்தது எப்போது என்று இன்றைக்கு யோசித்தால் எனக்குப் பதில் தெரியவில்லை. அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

படம் வந்த சமயத்தில் சட்டப்படி குறைந்தபட்ச மாதச் சம்பளம் 4,520 ஹாங்காங் டாலர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 40,000 ரூபாய். ஊரில் இருக்கும் குடும்பம் முழுக்க அதை நம்பித்தான் இருக்கும். ஒப்பந்தம் போட்ட வீட்டைத் தவிர வேறு எங்கும் வேலை செய்யவும் கூடாது. ஜாய் திருட்டுத்தனமாக வெளி வேலைகள் செய்து பணம் சேர்ப்பதை விமர்சகர் ‘விறுவிறுப்புக்காக’ என்று எழுதியிருக்கிறார். அது விறுவிறுப்புக்காக இல்லை. பிடிபட்டால் சிறை, நாடு கடத்தல், கனடாவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைக் காட்சிகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. சென்ட்ரல் பகுதியில் சேட்டர் ரோடு அன்றைக்கு வாகனங்களுக்கு மூடப்படும். எச்.எஸ்.பி.சி. வங்கித் தலைமையகத்தின் கீழ்த்தளம் திறந்த வெளி. அங்கே அட்டைப் பெட்டிகளைப் பிரித்துத் தரையில் விரித்து ஆயிரக்கணக்கான பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தி இன்னொருத்திக்கு நகம் வெட்டிவிடுவாள், ஒரு கூட்டம் நடனம் பழகும், ஒரு கூட்டம் சோறும் குழம்பும் டப்பாவில் இருந்து பகிர்ந்துகொள்ளும். பக்கத்தில் வேர்ல்டு வைட் ஹவுஸ் கட்டடத்தில் ஊருக்குப் பணம் அனுப்ப வரிசை நிற்கும். ஊருக்கு அனுப்ப ‘பாலிக்பயான்’ பெட்டி கட்டுவார்கள்: சோப்பு, டப்பா மீன், பிள்ளைகளுக்குச் செருப்பு. முதல்முறை பார்த்தபோது ஏதோ திருவிழா என்று நினைத்தேன். வாரத்தில் அவர்களுக்குச் சொந்தமான ஒரே நாள் அது என்று அப்புறம்தான் புரிந்தது. காதலிக்கக் கிடைப்பதும் அந்த ஒரு நாள்தான்.

நம் பழைய இலக்கியத்தில் பொருள்வயிற் பிரிவு என்று ஒரு துறையே இருக்கிறது. பொருள் தேடிப் போகிறவன் தலைவன், வீட்டில் காத்திருப்பவள் தலைவி. நம் சினிமாவும் துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ ஆணை அனுப்பிவிட்டுப் பெண்ணை வாசலில் நிறுத்தித்தான் பழகியிருக்கிறது. பிலிப்பைன்ஸில் போகிறவள் பெண்ணாக இருக்கும் கதைகள் நிறைய உண்டு. 1974-ல் அந்த நாடு தன் தொழிலாளர் சட்டத்திலேயே வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏற்பாட்டை எழுதிவைத்தது. 1988-ல் அதிபர் கொரசோன் அகினோ ஹாங்காங்குக்கே வந்து, அங்கே கூடியிருந்த பணிப்பெண்களைப் ‘புதிய வீரர்கள்’ என்று அழைத்தார். வீரர் என்று பெயர் வைத்து அனுப்பியாயிற்று. 2000-ல் வந்த ‘அனாக்’ படத்தில் வில்மா சாண்டோஸ், ஹாங்காங்கில் பல வருடம் உழைத்துவிட்டு ஊர் திரும்பும் தாயாக வருவார். பிள்ளைகளுக்கு அவர் அந்நியராக நிற்பார். அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்த தலைமுறைதான் ஜாய். இதே ஊரில் இருபது வருடம் இருந்துவிட்டுப் போனால் என்ன மிஞ்சும் என்று அவளுக்குத் தெரியும்.

கனடா ஏன் என்று கேட்டால், அந்த நாடு 1992-ல் கொண்டுவந்த திட்டத்தில், வீட்டில் தங்கிப் பராமரிப்பு வேலை பார்த்தவர்கள் இரண்டு வருடத்துக்குப் பின் நிரந்தரமாகத் தங்கும் உரிமை கேட்க முடிந்தது. திட்டத்தின் வடிவம் பின்னால் மாறிவிட்டது. ஆனால் ‘இங்கே உழைத்தால் இங்கேயே இருக்கலாம்’ என்ற அந்த ஒரு வாய்ப்பு, ஹாங்காங் சமையலறைகளில் எப்படிப் பேசப்படும் என்பதை நான் நேரில் கேட்டிருக்கிறேன்.

படம் உலகமெங்கும் சுமார் 88 கோடி பெசோ வசூலித்து அதுவரையிலான பிலிப்பைன்ஸ் சாதனையை முறியடித்தது. ஜாயையும் ஈத்தனையும் கனடாவில் காட்டும் இரண்டாம் பாகம் 2024 நவம்பரில் வந்து 100 கோடியைத் தாண்டியது. அந்நாட்டுப் படம் ஒன்று அந்த எல்லையைத் தொட்டது அதுவே முதல்முறை. வெறும் விமான நிலைய அழுகைக்காக அவ்வளவு பேர் போயிருக்க மாட்டார்கள்.

எங்கள் வீட்டுச் சகோதரிக்கும் காதலர் ஒருவர் இருந்தார். சவுதி அரேபியாவின் ஜெட்டாவில் மின்சார வேலை. இவருக்கு இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்தால்தான் ஊர் விடுமுறை. அவருக்கும் ஒரு கணக்கு. நான்கு வருடத்தில் இருவரின் விடுமுறையும் ஒன்றாக விழுந்தது ஒன்பது நாள். நாங்கள் 2020 ஜனவரியில் ஊர் திரும்ப முடிவு செய்தபோது, எங்கள் பயணச் சீட்டை விட அந்தச் சகோதரியின் 14 நாள்தான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. பதினொன்றாம் நாள் வேறொரு வீடு கிடைத்தது.

இந்தப் படத்தை அவர் அந்தச் சின்ன அறையில், கைபேசியில், என் மகள் தூங்கிய பிறகு நான்கு இரவுகளாகத் துண்டு துண்டாகப் பார்த்தார். முடித்த மறுநாள் காலை கண் வீங்கியிருந்தது. ஈத்தனைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். பால் காய்ச்சிக்கொண்டே, “மேடம், கனடாவில் குளிர் எவ்வளவு இருக்கும்?” என்று கேட்டார்.

அன்புடன்,
வாசகி ஒருத்தி,
கும்பகோணம்